தட்டையாகிப்போன திரை: ஃபார்மட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டுக் கணினியில் நேற்றுவரை ஜன்னல்களின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுந்தது. கீழ்ப்பட்டியின் வழியே பின்னணிப் படம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. ஒரு ஜன்னலைச் சுருக்கினால் அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. இன்று எல்லாமே தட்டையாகக் கிடக்கின்றன. எழுத்து தெரிகிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் திரை பத்து வருடம் பின்னால் போய்விட்டதுபோல் இருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். "வெறும் அலங்காரம்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் "வைரஸா இருக்கும், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டுமே நட்டத்தில் முடியக்கூடியவை. கண்ணாடியும் நிழலும் காணாமல் போவது, திரையை வரையும் வேலை கிராபிக்ஸ் சிப்பின் கையைவிட்டு நழுவியிருக்கலாம் என்பதற்குக் கணினி தரும் தகவல். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இப்போது என் திரையை வரைவது யார்?" என்பதுதான். இதற்கு விடை தெரிந்துவிட்டால் அடுத்த படி தானாகத் தெளியும். தெரியாமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் இருட்டில் கை துழாவுவதுதான்.

அலங்காரம் எங்கிருந்து வருகிறது

பழைய கணினிகளில் ஒவ்வொரு நிரலும் தன் ஜன்னலை நேரடியாகத் திரையிலேயே வரைந்தது. மேலே இருந்த ஜன்னலை நகர்த்தினால், அடியில் இருந்ததை மறுபடி வரைய வேண்டியிருந்தது. பிறகு முறை மாறியது. ஒவ்வொரு நிரலும் தன் ஜன்னலைத் திரைக்கு வெளியே, நினைவகத்தில் தனியாக வரைந்து வைக்கும். அவற்றை எல்லாம் அடுக்கி, நிழல் சேர்த்து, தேவையான இடத்தில் ஊடுருவித் தெரியும்படி செய்து, ஒரே படமாகத் திரைக்கு அனுப்புவதற்கென்று தனி நிரல் ஒன்று இருக்கும். லினக்ஸ் உலகில் 2006இல் நோவெல் நிறுவனம் வெளியிட்ட காம்பிஸ் இதைப் பரவலாக்கியது. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10 அதைத் தானாகவே இயக்கிக் கொடுத்தது. விண்டோஸில் 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவின் ஏரோ இதே வேலையைச் செய்தது. விண்டோஸ் 8 முதல் இந்த அடுக்கும் நிரலை நிறுத்தவே முடியாது. அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வேலையைச் செய்யும் கை எது என்பது மட்டுமே மாறும்.

அந்த வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 8.3 மெகாபைட். நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் கிட்டத்தட்ட 500 மெகாபைட். கடைசிப் படத்தை எழுதுவதற்கு மட்டுமே இவ்வளவு. அடியில் உள்ள ஜன்னல்களைப் படிப்பதும் கலப்பதும் தனி. கிராபிக்ஸ் சிப்புக்கு இது சாதாரண வேலை, அதற்காகவே செய்யப்பட்டது அது. சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே பேச வேண்டிய டிரைவர் இல்லாமல் போனால் இந்தச் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். அப்போது அமைப்பு, முடிந்ததை மட்டும் செய்து, நிழலையும் கண்ணாடியையும் கைவிடக்கூடும்.

"அலங்காரம் போனால் என்ன நட்டம்?" என்ற கேள்விக்கு இங்கேயே விடை இருக்கிறது. விருப்பப்பட்டு நீங்களே அணைத்திருந்தால் ஒரு நட்டமும் இல்லை. பழைய கணினியில் அப்படி அணைப்பது நல்ல யோசனையும்கூட. ஆனால் கேட்காமலே போயிருந்தால், அதே வழியை நம்பியிருக்கும் மற்ற வேலைகளும் சேர்ந்தே போயிருக்கும். யூடியூப் பாடமோ கல்வித் தொலைக்காட்சியின் பதிவோ ஓடும்போது காணொளியைப் பிரித்துக் காட்டுவதும், நீளமான பக்கத்தை உலாவியில் மேலும் கீழும் உருட்டுவதும் கிராபிக்ஸ் சிப்பின் பொறுப்பில் இருந்தவை. அது விலகிவிட்டால் காணொளி விட்டுவிட்டு ஓடும், மின்விசிறி சத்தம் போடும், மடிக்கணினி மடியைச் சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வீட்டில் "சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சு" என்று சொல்லி ரேம் வாங்கப் போகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது சரியான டிரைவர் மட்டுமே.

அணைந்ததா, தொலைந்ததா

சிப்பைச் சந்தேகிப்பதற்கு முன், யாராவது அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். கடலூர்ப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய காரணம் மின்தடை. விண்டோஸ் 10இல் பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரி சேவர் தானாக வந்து, ஊடுருவித் தெரியும் தோற்றத்தை நிறுத்திவிடும். கரண்ட் வந்து சார்ஜ் ஏறியதும் கண்ணாடியும் திரும்பி வரும். இந்த வகையில் பழுதே கிடையாது. இரண்டாவது, செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ், அங்கே டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ் என்ற பொத்தான். மூன்றாவது, கணினி வேகமாக ஓட வேண்டும் என்று யாரோ பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் ஜன்னலில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்துவிட்டிருப்பது. அது நிழல், அசைவு, எழுத்தின் மென்மை எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஹை கான்ட்ராஸ்ட் தோற்றத்தை இயக்கியிருந்தாலும் கண்ணாடி வராது.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளில் ஏரோ கண்ணாடி தொடக்கத்திலிருந்தே கிடையாது. கடையில் வேறு பதிப்பைப் போட்டுக் கொடுத்திருந்தால், போனது டிரைவர் இல்லை, பதிப்புதான் மாறியிருக்கிறது. லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் என்றால், விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் ஜன்னலின் காம்போசிட்டர் தாளில் ஒரு டிக் குறிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்தச் சோதனைகள் அனைத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திரை தட்டையாகவே இருக்கிறதென்றால் நம் மையக் கேள்விக்கு வரலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று உங்கள் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். படம் வரும், வண்ணமும் வரும். ஆனால் சிப்பின் கணக்குப் போடும் பகுதி சும்மா கிடக்கிறது. லினக்ஸில் செட்டிங்ஸின் 'அபௌட்' பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே சிப்பின் பெயர் இல்லாமல் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் வரைவது பிராசஸர்தான். எந்த இயங்குதளத்திலும் ஒத்துப்போகும் சாட்சி ஒன்று ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறது. அதன் உதவிப் பட்டியலில் பழுது நீக்கத் தகவல் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் பகுதியில் 'காம்போசிட்டிங்' வரியைப் படியுங்கள். 'வெப்ரெண்டர்' என்று மட்டும் இருந்தால் சிப் வேலை செய்கிறது. அதையடுத்து 'சாஃப்ட்வேர்' என்று சேர்ந்திருந்தால் இல்லை. மிகப் பழைய சிப்புகளை உலாவியே ஒதுக்கிவைப்பதுண்டு. அதனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாமல், முந்தைய சாட்சியோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரே சிப், இன்னொரு இயங்குதளம்

டிரைவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. இது மென்பொருள் குற்றமா, சிப்பே கெட்டுவிட்டதா என்பது அடுத்து. இதைப் பிரித்தறிய மிகச் சிறந்த வழி, அதே கணினியை வேறொரு இயங்குதளத்தில் எழுப்பிப் பார்ப்பது. தமிழ்நாட்டு மாணவர்கள் பலரின் வீட்டில் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாக வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் மையத்தில் டெபியனை அடியாகக் கொண்டு உருவான இயங்குதளம் அது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸில் நிழல் போய், பாஸில் ஜன்னல்கள் வழக்கம்போல் வழுக்கி இறங்கி, கிராபிக்ஸ் வரியில் சிப்பின் பெயரும் இருந்தால், சிப் நலமாக இருக்கிறது. குற்றம் விண்டோஸ் பக்கத்து டிரைவரில் மட்டுமே.

அப்படி இரண்டாவது இயங்குதளம் இல்லாதவர்களுக்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியால் பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து எழுப்புங்கள். வட்டில் எதையும் நிறுவாமலே முழு மேசைத்தளமும் பென்டிரைவிலிருந்து ஓடும். 'இன்ஸ்டால்' என்பதை மட்டும் தொடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: தொடக்கப் பட்டியலில் மின்ட்டில் 'காம்பாடிபிலிட்டி மோட்' என்றும், உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது கிராபிக்ஸ் டிரைவரை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு எழுப்புவது. அதைத் தேர்ந்தால் நல்ல சிப்பும் கெட்டதுபோலத் தெரியும், சோதனை பாழ்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பென்டிரைவில் விளைவுகள் சரியாக வந்து, கிராபிக்ஸ் வரியில் 'எல்எல்விஎம்பைப்' இல்லாமல் சிப்பின் பெயர் இருந்தால் வன்பொருள் நலம் என்று துணிந்து சொல்லலாம். வரவில்லை என்பதால் மட்டும் வன்பொருள் கெட்டது என்று சொல்லக் கூடாது. புது என்விடியா அட்டைகள் சில, தங்களுக்கான தனி டிரைவர் இல்லாமல் லினக்ஸில் ஒழுங்காக எழும்பாது. வந்தால் முழுச் சாட்சி, வராவிட்டால் அரைச் சாட்சி.

மென்பொருள்தான் குற்றவாளி என்றால் வழி எளிது. அண்மையில் அப்டேட் ஆன பிறகு போயிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் டிரைவர் தாளுக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், சிஸ்டம் ரீஸ்டோர் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாமல் முந்தைய நிலைக்குத் திருப்பும். டிரைவரே இல்லையென்றால், மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் செய்யும் இலவச நிரல்களிடம் போக வேண்டாம். லினக்ஸில் கெர்னல் மாறிய மறுநாள் போயிருந்தால், கணினி தொடங்கும்போது முந்தைய கெர்னலைத் தேர்ந்து எழுப்பிப் பாருங்கள். வந்துவிட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. என்விடியா டிரைவருக்குக் கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட் அதைத் தடுப்பதும் வழக்கமான ஒன்று. டிரைவர் பாதி நிறுவப்பட்ட நேரத்தில் கரண்ட் போவதும் உண்மையான காரணம்தான். மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் போட வேண்டாம்.

"இவ்வளவு எதற்கு, ஃபார்மட் அடித்தால் எல்லாம் சுத்தமாகிவிடுமே" என்பார்கள். சுத்தமாகும் என்பது சரி, டிரைவரும் சேர்ந்தே போய்விடும் என்பதுதான் சங்கடம். புதிதாக நிறுவிய விண்டோஸுக்கு இணைய இணைப்பு இல்லையென்றால், அது பெரும்பாலும் அந்த பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரோடுதான் கண் திறக்கும். எந்தக் குறையைத் தீர்க்க ஃபார்மட் அடித்தோமோ அதையே ஃபார்மட் உண்டாக்கும். இன்னொன்று, கடையில் பழைய மடிக்கணினிக்குப் புது விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். 2011இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர்களின் கிராபிக்ஸுக்கு, விண்டோஸ் 10க்கென இன்டெல் டிரைவர் எழுதவேயில்லை. என்விடியா தன் 390 வரிசை டிரைவருக்கான ஆதரவை 2022 இறுதியோடு முடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட கணினியில் இயங்குதளத்தை ஏற்றினால் கண்ணாடியை இழக்க நேரலாம். அப்போது எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான மேசைத்தளத்துக்கு மாறி, விளைவுகளை நாமே அணைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்ப்பதே அறிவு. குடும்பப் படங்களையும் தேர்வுக் குறிப்புகளையும் பணயம் வைத்து ஃபார்மட் அடிப்பதற்கு இங்கே ஒரு காரணமும் இல்லை.

காற்றும் அட்டையும்

இப்போது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு போன்ற ஊர்களுக்கே உரிய மறுப்பு ஒன்று. "எங்கள் ஊர்க் காற்று இரும்பையே தின்கிறது, மதர்போர்டு எம்மாத்திரம்? இங்கே எது போனாலும் வன்பொருள்தான்." இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே சிப்காட் தொழிற்பேட்டை. அதன் ஓரத்தில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம். கடல் ஈரமும் உப்பும் ஒருபுறம், அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் கந்தக வாயுக்கள் பற்றிய பல வருடப் புகார் மறுபுறம். 2004இல் கிராமத்தினரே காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய ஊர்ப்பகுதி இது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கும். கணினி அட்டையில் இரண்டும் இருக்கின்றன: தடங்கள் செம்பு, சிறு ரெசிஸ்டர்களின் முனைகளில் வெள்ளி. 2006 ஜூலையில் மின்னணுக் கருவிகளில் ஈயத்துக்கு ஐரோப்பா தடை போட்ட பிறகு, சில அட்டைகளின் மேல்பூச்சு வெள்ளிக்கு மாறியது. கந்தகம் மிகுந்த இடங்களில் அப்படிப்பட்ட அட்டைகளில் செம்பு சல்ஃபைடு படர்ந்து, பக்கத்துத் தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆவது தொழில்துறை நன்கு அறிந்த பழுது. ஈரம் அதைத் துரிதப்படுத்தும்.

ஆனால் இது சந்தேகத்துக்குக் காரணமே ஒழிய தீர்ப்புக்குக் காரணம் இல்லை. அரிப்பால் கெட்ட அட்டை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. கோடு கோடாக வரும், வண்ணம் சிதறும், திரை உறையும், சில நாள் எழும்பவே எழும்பாது. படம் பளிங்குபோல் தெளிவாக இருந்து, நிழலும் கண்ணாடியும் மட்டும் போயிருந்தால், பெரும்பாலும் டிரைவர்தான். நடுவில் ஒரு வகையும் உண்டு. சூட்டாலோ தளர்ந்த தொடுமுனையாலோ சிப் இடையிடையே நின்றுபோகும். கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை உலுக்கி எழுப்பும், அதை ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு எழுதியும் வைக்கும். அந்த எண் மறுபடி மறுபடி வந்தால், பென்டிரைவிலும் திரை தடுமாறினால், மேசைக் கணினியின் பெட்டியைத் திறக்கலாம்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவுங்கள். பெட்டியின் பூசாத இரும்பை ஒருமுறை தொடுங்கள், உடம்பின் நிலைமின் இறங்கிவிடும். கிராபிக்ஸ் அட்டையின் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் கடைக்கோடியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கியை விரலால் அழுத்தியபடியே நேராக மேலே இழுங்கள். அடி விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாகத் தெரியும். பெரிய ஸ்லாட்டுக்கான அட்டையில் இருபுறமும் சேர்த்து 164. அவை மஞ்சளாக மின்ன வேண்டும். ஓரம் கறுத்தோ பச்சையாகப் பூத்தோ இருந்தால் தங்கப் பூச்சின் நுண்துளை வழியே அடிச்செம்பு வெளிவருகிறது என்று பொருள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது இங்கே பரவலான கைவைத்தியம். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சே போய்விடும், பிறகு காற்று இன்னும் வேகமாக வேலை செய்யும். மின்விசிறியின் தூசியையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக் காற்று கணினிக்கு எவ்வளவு ஆகாது என்று அறிய, தொழிற்சாலைக் கருவி அறைகளில் பின்பற்றும் முறையின் எளிய வடிவம் உதவும். ஐஎஸ்ஏ 71.04 என்ற தரத்தின்படி, சுத்தமான செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் 30 நாள் அறையில் வைத்து, அதில் படியும் பூச்சின் கனத்தை அளப்பார்கள். செம்பில் 300 ஆங்ஸ்ட்ரம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ரத்துக்குக் கீழே இருந்தால் கருவிகளுக்குப் பாதகமில்லை. 300 ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் மூன்று பங்கு, வீட்டில் அளக்க முடியாதது. ஆனால் நன்றாக விளக்கிய வெள்ளிக் கொலுசு ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் திறந்து வைத்தால், கறுக்கும் வேகம் கண்ணுக்கே தெரியும். அது சீக்கிரம் கறுத்தால் கணினியைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள், நாற்றம் அடிக்கும் இரவுகளில் அந்தச் சன்னலைச் சாத்துங்கள். பழைய கணினியைப் பல மாதம் அணைத்தே வைப்பதைவிட, அடிக்கடி ஓடவிட்டு அதன் சூட்டால் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் கடைக்குப் போக வேண்டியிருக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் கையில் ஒரு தாளோடு போங்கள். சிப்பின் பெயர், டிவைஸ் மேனேஜரில் இருந்த வரி, எந்த அப்டேட்டுக்குப் பிறகு போனது, பென்டிரைவில் விளைவுகள் வந்தனவா, 4101 எத்தனை முறை பதிவாகியிருக்கிறது: இந்த ஐந்தும் அதில் இருக்கட்டும். பென்டிரைவில் வந்தது என்றால், "டிரைவர் மட்டும் போடுங்கண்ணே, ஃபார்மட் வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லலாம். வரவில்லை, 4101உம் நிறைய இருக்கிறது என்றால், "வேறொரு கார்டு போட்டு ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் வாங்குறேன்" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் இப்படிக் கேட்பவரை மதிப்பார், அவருக்கும் பாதி வேலை மிச்சம். திரையை வரைவது யார் என்று தெரிந்துகொண்டவருக்குத் தேவையில்லாத கார்டையும் தேவையில்லாத ஃபார்மட்டையும் யாரும் விற்க முடியாது.